மரங்கொத்தியின் அறைச் சாவி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே, மாலையோடு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழுவினரே, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் நோயாளிகளே, அவர்கள் வீட்டாரே! எல்லோருக்கும் வணக்கம். போதை மீட்புப் பிரிவின் தலைமைச் செவிலியான என்னை இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வார்த்தையில் அடங்குகிற ஆத்திரமா இது?

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? மனநல மருத்துவர், போதை மீட்புப் பிரிவின் தலைவர் என்று உங்கள் அழைப்பிதழில் பட்டங்களோடு அச்சாகியிருக்கும் அம்மையாருக்காக. எங்களுக்கு அவர் மரங்கொத்தி! குடியை விட முடியாமல் வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, தலைமேல் காந்தச் சுருளை வைத்து இயக்குவார். டக் டக் டக் என்று அது மண்டையைத் தட்டும். அந்தத் துடிப்பு மூளைக்குள் போய், குடி குடி என்று நச்சரிக்கிற இடத்தை அடக்கப் பார்க்கும். கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை. "எல்லாருக்கும் குணமாகும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா முயற்சி பண்ணாம யாரையும் அனுப்பமாட்டேன்" என்பார். மரங்கொத்தி என்று பெயர் வைத்தவர் சிகிச்சைக்கு வந்த ஒரு வெல்டர். டாக்டரம்மா கோபித்துக்கொண்டாரா? "மண்டைக்குள்ள ஏதாவது இருக்கான்னு தட்டித்தானே பாக்குறேன், சரியான பேருதான்" என்று சிரித்தார்.

இனி பாட்டிலைப் பற்றிப் பேசப் போகிறேன். மேடையில் யாரும் நெளிய வேண்டாம்!

ஆசை தூங்கும்போது காந்தத்தை வைத்துப் பயனில்லை, அதைக் கிளப்பிவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது அவர் முறை. அதனால் அவரவர் குடிக்கும் சரக்கையே எதிரில் வைத்து, மூடியைத் திறந்து முகரவைப்பார். வாயில் எச்சில் ஊறும், கை பாட்டிலுக்கு நீளும். அப்போதுதான் சுருள் தலைக்கு வரும். வெல்டரின் மனைவியிடம் சரக்கு வாங்கிவரச் சொன்னபோது அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வீட்டுல பாட்டிலைப் பாத்தா ஒடைக்கிறவ நான். என்னையே வாங்கிட்டு வரச் சொல்றீங்களே, கடைக்காரன் என்ன நெனைப்பான்?"

"நீ வேணாம்மா, நானே வாங்கிக்கிறேன். என்னைப் பத்தி யாரு என்ன நெனச்சாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாதாம்! கடை வாசலில் அவரைப் பார்த்தவர் இந்தக் கட்டடத்தில்தான் வேலை செய்கிறார். கண், காது, மூக்கு வைத்துக் கதை கட்டினார்கள். அவர் அலமாரியைத் திறந்தார்கள், பாட்டில்கள் இருந்தன, டாக்டரே குடிக்கிறார் என்று முடிவு செய்தார்கள். "ஒரு தடவை உள்ள வந்து சிகிச்சையைப் பாருங்க, அப்புறம் எது வேணா செய்ங்க" என்று டாக்டரம்மா ஒவ்வொருவர் அறை வாசலிலும் நின்று கேட்டார். யார் வந்தீர்கள்? முதல்வர் அவர்களே, உங்கள் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு மாடிப்படிதான். இறங்கி வந்தீர்களா? "குடிகாரனுங்களுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மெஷின்?" என்று கேட்டவர் யாரென்று நான் சொல்லமாட்டேன். மேடையில் இப்போது அவசரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தீர்கள். சிகிச்சை அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டீர்கள். இயந்திரத்தின் மேல் பிணத்துக்குப் போர்த்துவது போலப் படுக்கை விரிப்பைப் போர்த்தினீர்கள். வெல்டரின் சிகிச்சை பாதியில் நின்றது, அவர் மறுபடி குடித்தார். மனைவி போனில் அதைச் சொன்னபோது டாக்டரம்மா என் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். "என் பேரு போனா போகட்டும். அவனைப் பாதியில விட்டுட்டேனே" என்று குலுங்கி அழுதார். அடுத்த சில நாட்களில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாரடைப்பு என்று எழுதினார்கள். எழுதட்டும். எனக்கு வயிறு எரிகிறது!

இன்று 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்கிறீர்கள். கையில் இருந்தவரைத் துரத்திவிட்டு இழப்பு என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வருகிறது?

அந்த வெல்டர் கடைசி வரிசையில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். நேற்றுகூடக் குடித்தார். இன்று டாக்டரம்மாவுக்காகக் குடிக்காமல் வந்திருக்கிறார், உடம்பு நடுங்குகிறது. வாசலில் என்னைப் பார்த்து, "அக்கா, மறுபடி தட்டுவாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை உங்களிடமே கேட்கிறேன்.

அடுத்தது மௌன அஞ்சலி என்று அறிவித்திருக்கிறீர்கள். எங்கள் பிரிவு அதில் கலந்துகொள்ளாது. அவர் கெஞ்சியபோதெல்லாம் நீங்கள் கொடுத்த பதிலே மௌனம்தானே, அதையே அஞ்சலியாகவும் கொடுப்பீர்களா? அவரிடம் இந்த வேலையைக் கற்ற இளைய மருத்துவர் இதோ, தயாராக நிற்கிறார். சரக்கு வாங்கக் கடைக்கு நான் போகிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்! பாதியில் நின்ற ஒவ்வொருவருக்கும் சிகிச்சையை முடித்துக் கொடுப்போம். இது எங்கள் மரங்கொத்திக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு.

அந்த அறையின் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது, முதல்வர் அவர்களே. எடுத்து இந்த மேசைமேல் வையுங்கள். வைக்கும்வரை நான் இந்த மைக்கை விட்டு நகரமாட்டேன்.