கீழ் வீட்டில் தோண்டிய குழி

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றுவிட்டவன் நான். அடுத்தவர் பேச்சைக் கேட்டதே தப்பு, அதை எழுதுவது இன்னும் தப்பு. மன்னிக்கவும். சாயங்காலம் செவிலிமேடு டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மா மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“கீழ் வீட்டுக்காரர் ஹாலுல குழி தோண்டிக்கினு இருக்காருங்க,” என்றார் அந்தம்மா.

“தறி போடத்தாம்மா. நெய்யறவரு காலைத் தொங்கப்போட்டு மிதிக்கணுமில்ல? பிள்ளையார்பாளையத்துல வீட்டுக்கு வீடு குழி இருக்குது.”

“அது தனி வீடுங்க. இது ஃப்ளாட்டு. அவரு தலைக்கு மேல நாம, நமக்கு மேல இன்னொரு வீடு. தோண்டறது தூணை ஒட்டி.”

“அவருகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். தரை என்னுதும்மான்றாரு. குழியில தண்ணி வேற ஊறுது. காலையில மொண்டு ஊத்தினாரு, மத்தியானம் மறுபடி நிக்குது.”

“குழாயில தண்ணி வரலன்னு அழுதியே, இதோ வந்துடுச்சு.”

அந்தம்மா சிரிக்கவில்லை. “நம்ம செவுத்துல நூல் மாதிரி ஒரு விரிசல். நேத்து ஜன்னல் வரைக்கும் இருந்தது. இன்னிக்கு ஜன்னலைத் தாண்டிடுச்சு. குழந்தைய எங்க படுக்க வைக்கட்டும், சொல்லுங்க.”

அவர்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தும் இருவரும் எழவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார்.

மறுநாள் காலை, டவுனுக்குப் போகும் பஸ்ஸில் அவர்களைப் பார்த்தேன். அந்தம்மாவிடம் குழந்தையும் பாயும் இருந்தன. கணவர் மடியில் அடுப்பு இருந்தது.