ஜக்கம்மாளின் ரட்சிப்பு

எங்கள் தெருவில் எந்த வீட்டுக் குழம்பும் எனக்குத் தெரியாமல் கொதித்ததில்லை, சார். ஜெபா என்றால் புறணிக்காரி என்பார்கள். எங்கள் சபையில் அதற்கு வேறு பெயர். அடுத்த வீட்டு விஷயத்தைத் தெருக்குழாயில் நின்று சொன்னால் புறணி. முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஜெபக்குறிப்பு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு என் குறிப்புகளைக் கேட்கவே சில அக்காமார் முன்கூட்டி வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஜக்கம்மாளுக்கும் எனக்கும் ஒரே சுவர். புருஷன் இல்லை, மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டுகிற வேலை. மருந்தடித்த பந்தலுக்கடியில் நின்று நின்று மூச்சிரைப்பு வந்துவிட்டது. அவள் இழுக்கிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும். அதிகம் ஜெபித்தது அவளுக்காகத்தான். அந்த ஆத்துமா அழிந்துபோகக் கூடாது என்று எனக்கு ஒரு பாரம்.

தை மாதம் ஒருநாள் அவளுக்கு ரொம்ப இழுத்தது. இன்ஹேலரை அடித்துக்கொண்டிருக்கும்போதே தலையில் கைவைத்து ஜெபித்தேன். அடங்கியது.

"ஒங்க சாமியும் நல்ல சாமிதேன்க்கா" என்றாள்.

அந்த ஞாயிறே சபையில் எழுந்து, ஜக்கம்மா ரட்சிக்கப்பட்டாள் என்று சாட்சி சொன்னேன். கைதட்டினார்கள். பாஸ்டர் முன்னால் அழைத்து ஆசீர்வதித்தார். இன்ஹேலரைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் சாட்சி நீண்டுவிடும்.

சித்திரை பிறந்ததும் மஞ்சள் சேலை வாங்கி வந்து காட்டினாள். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்கப் போகிறாளாம்.

"ஏண்டி, ரட்சிக்கப்பட்டவ தீச்சட்டி தூக்கலாமா?"

"மக பிரசவத்துக்கு நேந்ததுக்கா. ஆத்தாளுக்குக் கடன் வைக்கலாமா? ஒங்க சாமிக்கும் ஒரு மெழுகுவத்தி பொருத்திர்றேன், விடு."

எங்கள் சபையில் மெழுகுவர்த்தி கிடையாது.

"சபையில சாட்சி சொல்லிட்டேன்டி."

"அதுக்கு நா என்ன செய்ய? ஊருச் சேதியெல்லாம் நீதேன சொல்ற. இதையும் நீயே மாத்திச் சொல்லிரு, ஜெபாக்கா." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சபையில் எந்த முகத்தோடு நிற்பது என்பதற்காக அல்ல, சார். விசுவாசத்தை விட்டுப் பின்மாறிப் போனால் அவளுக்கு நரகம். அந்தக் கவலைதான்.

சட்டி எடுப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் மிளகாய் வற்றல் வறுத்தேன். சன்னல்களைச் சாத்தியிருந்தேன், காற்றில் அடுப்பு அணைந்துவிடும். ஒத்தாசைக்கு வா என்று ஜக்கம்மாளைக் கூப்பிட்டேன். கூப்பிட்டால் வருகிறவள்தான். நெடி ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடுப்பில் செருகியிருந்த இன்ஹேலரை எடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

"இயேசுவேன்னு சொல்லு" என்றேன்.

சொன்னாள். மூச்சு இருந்தமட்டும் சொன்னாள். "சொல்லிட்டேன்ல... குடுக்கா" என்றும் சொன்னாள்.

கொடுக்கத்தான் நினைத்தேன். கொடுத்தால் எழுந்துவிடுவாள். எழுந்தால் விடிந்ததும் சட்டி எடுப்பாள். அந்த நிமிஷத்தில் அவள் அவ்வளவு சுத்தமாக இருந்தாள். போவதற்கு அதைவிட நல்ல நேரம் அவளுக்கு வாய்க்காது என்று பட்டது. இன்ஹேலரை என் மடியில் வைத்துக்கொண்டு, அவள் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். மிளகாய் கருகிப்போனது.

இரைப்பிலே போய்விட்டாள் என்று ஊர் சொன்னது. மகள் கைக்குழந்தையோடு வந்து, "கடைசில நீங்களாச்சும் கூட இருந்தீகளே பெரியம்மா" என்று என் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். சபையில் மறுபடி சாட்சி சொன்னேன். முன்னைவிடக் கைதட்டல் அதிகம்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீங்களும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை, நானாக வந்தேன். மனம் வருந்தி வந்தாள் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு சங்கதி விளங்கவில்லை, அவ்வளவுதான். ஜக்கம்மா வீடு பூட்டித்தான் கிடக்கிறது. சாவியை மகள் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். திறந்து மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டேன். ஒரு பூனைகூட இல்லை. ஆனால் நான் முழங்கால் போட்டதும் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு இழுக்க ஆரம்பிக்கிறது. ஆமென் சொல்லும்வரை விடுவதில்லை. இப்போதெல்லாம் நடந்துகொண்டேதான் ஜெபிக்கிறேன். அப்போதும் கூடவே வருகிறது.

பாஸ்டரிடம் பட்டும் படாமல் கேட்டுப் பார்த்தேன். மோட்சத்தில் நோயே கிடையாது என்கிறார்.

நான் அவளை அங்கேதானே அனுப்பினேன், சார்.