நூற்றுப் பதினெட்டு

ஜெயராஜ், வாட்சை மாற்றலாமா வேண்டாமா என்று வியாழக்கிழமை நீச்சல் குளத்தில் கேட்டீர்கள். தலையைத் துவட்டிக்கொண்டே பதில் சொல்லிவிடுகிற விஷயமில்லை என்பதால் எழுதி அனுப்புகிறேன் என்றேன். நீந்தி, சைக்கிள் மிதித்து, அப்புறம் ஓடுகிற இந்தப் பைத்தியத்துக்குள் நீங்கள் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்த கையோடு ஓடி வருகிறீர்கள். நிதானமாக எடுத்துச் சொல்ல யாராவது வேண்டும். ராஜேஷ்குமார் ஒரு ஜோடி ஷூ வாங்கக்கூட ஒரு மாசம் யோசிப்பான் என்று நம் குழுவில் என்னைக் கிண்டல் செய்வார்கள். உண்மைதான்.

போன வருஷம் இதே கேள்வி எனக்கு வந்தது. பழைய வாட்ச் மூன்று வருஷம் உழைத்திருந்தது. தூரம் சரியாகக் காட்டும், நீச்சலில் சுற்றுகளை எண்ணும், சார்ஜ் நாலு நாள் நிற்கும். ஒரே ஒரு கோளாறு. நாற்பது நிமிஷம் ஓடி வியர்வை நன்றாக இறங்கிவிட்டால், இதயத் துடிப்பு காட்டுகிற எண் நூற்றுப் பதினெட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏறாது, இறங்காது. மேம்பாலத்தில் நாக்குத் தள்ள ஏறினாலும் நூற்றுப் பதினெட்டுதான். பட்டையை இறுக்கிப் பார்த்தேன், அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன், கடைசியில் சர்வீஸுக்கு எடுத்துப் போனேன். "சென்சார் போயிடுச்சு சார், இதுக்கு ரிப்பேர் கிடையாது" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு அதனால் பெரிய பாதகம் இல்லை. மூச்சை வைத்தே வேகத்தை அனுமானிக்கத் தெரியும். ஆனாலும் நவம்பரில் கோவாவில் போட்டி இருந்தது, ஆறு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி இருந்தது, புது மாடலின் மேல் ஆசையும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நாலு மாசம் யோசித்தேன். விமர்சனங்களைப் படித்தேன், வீடியோக்களைப் பார்த்தேன், இரண்டு வாட்சையும் ஒப்பிட்டுப் பட்டியல் போட்டேன், சாப்பிடும்போதுகூடப் புது மாடலைப் பற்றியே பேசி என் மனைவி லாவண்யாவின் தலையைத் தின்றேன்.

"என்னங்க, என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போகூட நீங்க இவ்வளவு யோசிக்கல. ஒரு காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள சரின்னுட்டீங்க" என்றாள்.

நான் குடியாத்தத்திலிருந்து வேலைக்காக வந்தவன். லாவண்யா வீட்டார் மூன்று தலைமுறையாக இங்கே ஜோகுபாளையத்தில் இருப்பவர்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். தமிழிலும் 'சும்மா' அவர்களுக்கு 'சும்னே' ஆகிவிடும். லாவண்யாவுக்கு ஒரே தம்பி, தருண். கலகலவென்று பேசுகிறவன். அவன் வந்துவிட்டுப் போனால் வீடு ஒரு மணி நேரத்துக்குச் சிரித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

தருணுக்கு முப்பத்தைந்து வயதில் இதயத்தில் அடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து மெதுவாக ஓடலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார், ஒரு கண்டிப்போடு. துடிப்பு நூற்று முப்பதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடிக்கிற மாதிரி அலாரம் உள்ள வாட்ச் கட்டிக்கொள்ள வேண்டும், அடித்த நொடியே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். தருண் கடைக்குப் போய் வாங்கத்தான் இருந்தான். லாவண்யா தடுத்தாள்.

"உங்க மாமாவோட பழசு வருது, சும்னே எதுக்குடா காசக் கரியாக்கற" என்றாள். புது வாட்சுக்கு அவள் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். பழசு டிராயரில் தூங்கக் கூடாது, தம்பிக்குப் போக வேண்டும்.

புது வாட்ச் வந்த அன்று பெட்டி என் மடியில் இருந்தது. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை இன்னும் உரிக்கவில்லை. லாவண்யா எதிரில் உட்கார்ந்து கேட்டாள். "பழசுல ஹார்ட் ரேட் சரியா காட்டுதா? இல்லைன்னா புதுச அவனுக்குக் கொடுத்துடுங்க. அவனுக்குத்தான் அது உயிரு. உங்களுக்கு வெறும் டைமிங்தானே."

நியாயமான பேச்சு. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கோளாறு இருக்கிறது என்று சொன்னால் பெட்டி என் மடியிலிருந்து போய்விடும். "அதெல்லாம் பக்காவா காட்டும்" என்றேன். வாங்கலாமா என்று நாலு மாசம் யோசித்தவன், இதைச் சொல்ல ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. என்ன செய்வது, வாயில் வந்துவிட்டது.

மறுநாள் காலை தருண் வீட்டுக்குப் போய் நானே அவன் கையில் கட்டிவிட்டேன். நூற்று முப்பதில் அலாரத்தையும் நானே வைத்துக் கொடுத்தேன். அவன் மனைவி ஸ்னேஹா எனக்குக் கேசரி கொடுத்தாள். "அண்ணா, இனிமே நான் நிம்மதியா இருப்பேன்" என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் லாவண்யா நின்றுகொண்டிருந்தாள்.

அந்த வாட்சில் ஆபத்துக்கு ஒரு வசதி உண்டு. விளக்கு எரிய வைக்கிற பட்டனைச் சில நொடி விடாமல் அழுத்தினால், நாம் வைத்திருக்கும் நம்பர்களுக்கு 'உதவி தேவை' என்று செய்தி போகும், இருக்கிற இடமும் சேர்ந்து போகும். புதிதாகக் கட்டுகிற எல்லோரும் இதில் மாட்டிக்கொள்வார்கள், நீங்களும் மாட்டுவீர்கள். தருண் முதல் வாரமே நேரம் பார்க்க விளக்கைப் போடுகிறேன் என்று அழுத்திப் பிடித்துவிட்டான். ஸ்னேஹாவுக்குச் செய்தி போய், அவள் நைட்டியோடு தெருவுக்கு ஓடி வந்து அழுதாளாம். அதற்குப் பிறகு அவள் நம்பரை எடுத்துவிட்டு என்னுடையதை மட்டும் வைத்தான். "அவ பயந்துக்கறா மாமா. நீங்கன்னா கூலா இருப்பீங்க" என்றான். எனக்கும் இரண்டு தடவை அப்படிப் பொய்யாக வந்தது. இரண்டு தடவையும் அரை நிமிஷத்துக்குள் போன் செய்து, "சாரி மாமா, கை பட்டுடுச்சு" என்று சிரித்தான்.

ஆறு வாரம் ஓடினான். முதலில் இருபது நிமிஷம், அப்புறம் முப்பது, அப்புறம் ஐம்பது. அலாரம் ஒரு முறைகூட அடிக்கவில்லை. "டாக்டர் சும்னே பயமுறுத்தறாரு மாமா, என் ஹார்ட் கல்லு மாதிரி இருக்கு" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போட்டுப் போட்டுக் கொண்டாடினான். நாற்பது நிமிஷத்தைத் தாண்டிய பிறகு போட்ட எல்லாப் படத்திலும் நூற்றுப் பதினெட்டு. லாவண்யா இதயம் போடுவாள், மாமியார் கைகூப்புவார், நான் கட்டைவிரல் காட்டுவேன்.

ஒரு சனிக்கிழமை அல்சூர் ஏரிக்கரையில் அவனோடு சேர்ந்து ஓடினேன். நாற்பத்தைந்தாவது நிமிஷம் அவன் முகம் சிவந்து போயிருந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். "மாமா, மூச்சு ரொம்ப இரைக்குது. ஆனா பாருங்க, நூத்திப்பதினெட்டுதான் காட்டுது. நான் எத நம்பறது, மூச்சையா, வாட்சையா?"

அவன் பக்கத்தில், அவன் வேகத்திலேயே ஓடிய எனக்குப் புது வாட்ச் நூற்று நாற்பது காட்டிக்கொண்டிருந்தது. அவனைவிடப் பல மடங்கு பயிற்சி உள்ளவன் நான். அப்படியென்றால் அவனுக்கு எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். உங்களுக்கே தெரியும். சொல்லிவிட வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தேன். ஆனால் ஆறு வாரம் ஓடிவிட்டது, ஜெயராஜ். முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு சின்னப் பொய்யாகப் போயிருக்கும். ஆறு வாரம் கழித்துச் சொன்னால் லாவண்யா என்னை எப்படிப் பார்ப்பாள், ஸ்னேஹா எப்படிப் பார்ப்பாள், யோசித்துப் பாருங்கள். நான் எந்தப் பக்கம் திரும்புவது.

"வாட்சை நம்பு" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி ஓடினான். நான் சொன்னால் மறுபேச்சு பேச மாட்டான். போட்டி முடிந்ததும் புது வாட்சையே அவனுக்குக் கொடுத்துவிடுவது என்று அன்றைக்கு மனசுக்குள் முடிவு செய்தேன். இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. அந்த முடிவுக்குப் பிறகு எனக்குப் பசித்தது. இருவரும் போய் மசால் தோசை சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்கு வெளியே ஹொசகோட்டே பக்கம் சைக்கிள் பயிற்சியில் இருந்தேன். போட்டிக்கு முந்தைய கடினமான பயிற்சி அது. இருபது நிமிஷம் முழு பலத்தோடு மிதிப்பது, ஐந்து நிமிஷம் தளர்வது, இப்படி நாலு சுற்று. மூன்றாவது சுற்றில் ஒன்பது நிமிஷம் முடிந்து பதினோரு நிமிஷம் பாக்கி இருந்தபோது மணிக்கட்டு அதிர்ந்தது. தருணுக்கு உதவி தேவை. இடம், அல்சூர் ஏரி. மணி ஆறு நாற்பத்தொன்று.

சுற்றை நடுவில் நிறுத்தினால் அந்தப் பயிற்சியே வீண் என்று உங்களுக்கும் கோச் சொல்லிக் கொடுத்திருப்பார். கை பட்டிருக்கும் என்று நினைத்து அறிவிப்பை அணைத்தேன். சாரி மாமா என்று போன் வரும் என்று காத்திருந்தேன். போன் வரவில்லை. நாலு நிமிஷம் கழித்து இரண்டாவது செய்தி வந்தது. அதே இடம், ஒரு அடிகூட நகரவில்லை. இன்னும் ஏழு நிமிஷம்தானே என்று மிதித்தேன். ஹொசகோட்டேயில் இருக்கிறவன் நிறுத்தியிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். ஸ்னேஹாவுக்கு ஒரு போன் செய்திருக்க முடியும். அவள் வீட்டிலிருந்து ஏரிக்கு நாலு நிமிஷ நடை.

சுற்றை முடித்துவிட்டு, ஓரமாக நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தருணைக் கூப்பிட்டேன். நடைப்பயிற்சிக்கு வந்த யாரோ எடுத்தார். "யாரு சார் நீவு? இவரு ஏள்தானே இல்லா" என்றார். எழுந்திருக்கவே இல்லை என்கிறார். பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், ஓடிவிட்டுக் களைப்பாறுகிறான் என்று நினைத்து எத்தனையோ பேர் அவனைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். பத்து நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் பொதுவாகச் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அவன் உடைகளையும் வாட்சையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஸ்னேஹாவிடம் கொடுத்தார்கள். அவள் அதை அப்படியே என்னிடம் நீட்டினாள். "அண்ணா, அதுல என்ன இருக்குன்னு பாருங்கண்ணா. டாக்டர் சொன்னதக் கேக்காம வேகமா ஓடிட்டாரா?"

பார்த்தேன். நாற்பதாவது நிமிஷத்திலிருந்து கடைசி வரை ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. "இல்லம்மா, நூத்திப்பதினெட்டத் தாண்டவே இல்ல. ரொம்ப ஜாக்கிரதையாத்தான் ஓடியிருக்கான்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டாள். அவளுக்கு அந்த ஒரு ஆறுதலாவது கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஆஸ்பத்திரி கழிப்பறைக்குப் போய் வாட்சில் இருந்த எல்லாப் பதிவுகளையும் அழித்தேன். என் போனில் இருந்த இரண்டு செய்திகளையும் அழித்தேன்.

செய்தி வந்தது என்று லாவண்யாவிடம் மட்டும் சொன்னேன், ஒன்று வந்தது என்று. வழக்கம்போலப் பொய் அலாரம் என்று நினைத்துவிட்டதாகச் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து, "உங்க மேல தப்பே இல்லைங்க" என்று அழுதாள். தம்பியைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். கோவா போட்டியை ஐந்து மணி நேரம் ஐம்பத்து நாலு நிமிஷத்தில் முடித்தேன். தருண் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு ஓடினேன். படத்தை நீங்கள் குழுவில் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். புது வாட்சில் எல்லாம் துல்லியம் என்று போன வாரம் வரை உங்களுக்குச் சொல்லியிருப்பேன். போன வாரம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவைத் திறந்து பார்த்தேன். ஆறு நாற்பத்தொன்று வரை என் துடிப்பு நூற்று ஐம்பத்து நாலு. செய்தி வந்ததும் நூற்று எழுபத்தேழுக்கு ஏறியிருக்கிறது. மிதி மாறவில்லை, வேகம் மாறவில்லை, சாலை சமதளம். அணைத்த பிறகும் பதினோரு நிமிஷம் அது இறங்கவே இல்லை. பொய் அலாரம் என்று நினைத்து நிம்மதியாக மிதித்தவனுக்கு அப்படி அடிக்க எந்தக் காரணமும் கிடையாது. சென்சாரில் ஏதோ கோளாறு, வேறென்ன. நீங்கள் இந்த மாடலை வாங்க வேண்டாம், ஜெயராஜ். நானே இதை மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.