ஒத்தைக்கையருக்கு எந்தக் கை இல்லை?

எந்தக் கைன்னு கேட்டா நான் என்ன சொல்றது சிற்பியாரே? மொதல்ல உக்காருங்க. அந்தப் புத்தகக் கட்டைத் தள்ளி வைங்க. எல்லாம் நான் எழுதினதுதான், பயப்படாதீங்க, படிக்கச் சொல்ல மாட்டேன்.

ஆமா, சரியாத்தான் பாத்திருக்கீங்க. என் ஊர் வரலாற்றுப் புத்தகத்துல, வாய்க்கால் வெட்டின ஒத்தைக்கையருக்கு ஆரம்பத்துல இடது கை இல்லைன்னு எழுதியிருக்கேன், கடைசில வலது கை இல்லைன்னு எழுதியிருக்கேன். ஊரே அந்தப் புத்தகத்தைத் தலையில தூக்கி வச்சு ஆடுது. முழுசாப் படிச்சது நீங்க ஒருத்தர்தான் போல.

அச்சுப் பிழையா? என் புத்தகத்துலயா? ஒரு கால்புள்ளிக்காக அச்சகத்துக்காரரோட பேச்சுவார்த்தையையே நிறுத்தினவன் நான். அது வேணும்னே எழுதினது.

அப்பா நிலத்தை விட்டுட்டுப் போனார். ஆள் வச்சு உழுதேன். மிச்ச நேரமெல்லாம் வீடு வீடாப் போய், யாரு ஏரி வெட்டினா, யாரு பள்ளிக்கூடம் கட்டினா, யாரு யாரை ஏமாத்தினான்னு விசாரிச்சு எழுதினேன். பக்கத்து ஊர்ல ஒரு வாத்தியார். நான் எழுதறதை அப்படியே எடுத்துத் தன் பேர்ல போட்டுக்குவார். கேட்டா, வரலாறு எல்லாருக்கும் பொதுதானே சார்னு சொல்வார். அவரைக் கையும் களவுமாப் பிடிக்கத்தான் ரெண்டு இடத்துல ரெண்டு கையை எடுத்தேன். மனுஷன் ரெண்டையும் அப்படியே போட்டார். மாட்டிக்கிட்டீரான்னு கேட்டேன். அடுத்த பதிப்புல, ரெண்டு கையும் இல்லாமலே வாய்க்கால் வெட்டின மகான்னு மாத்திட்டார்!

சிரிங்க, சிரிங்க. என் மச்சினனும் இப்படித்தான் சிரிச்சான். உங்ககிட்ட ஒத்தைக்கையர் சிலை செய்யச் சொன்ன விழாக்குழுத் தலைவர் இருக்காரே, அவன்தான். வீட்டுக்காரியோட தம்பி. எந்தப் புத்தகமானாலும் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி இதே அறையில உக்காந்து அவன் சத்தமா வாசிப்பான், நான் திருத்துவேன். எனக்கு சிநேகிதன்னு இருந்தது அவன் ஒருத்தன்தான். ஒத்தைக்கையர் அத்தியாயம் வந்தப்போ சிரிச்சு சிரிச்சுப் புரையேறிடுச்சு. மாமா, நீங்க பொல்லாத ஆளுன்னான்.

அதுல, வாரிசு விவரம் கிடைக்கலைன்னு எழுதியிருந்தேன். இப்போ, கிடைச்சிடுச்சு மாமா, நான்தான் கொள்ளுப்பேரன்னு வந்து நிக்கிறான். மேடையில கண்ணு கலங்கி வேற பேசினான்.

அதோட போச்சுன்னா பரவாயில்லையே. வாய்க்கால் வெட்டினதுக்காக ஒத்தைக்கையருக்கு என் கொள்ளுத்தாத்தா கரையோரத்து வயலைத் தானமாக் கொடுத்தார்னும் எழுதித் தொலைச்சிருக்கேன். எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுஷன் அவர். கொஞ்சம் நல்ல பேர் வரட்டுமேன்னு எழுதினேன். இப்போ மச்சினன், அந்த வயல் எங்க குடும்பத்துதுங்கறான். நாளைக்கு நீங்க பீடத்துக்குக் குழி எடுக்கப் போறீங்களே, அந்த இடம்தான். எனக்கு உருப்படியா விளையறது அது ஒண்ணுதான்.

தானமே கொடுக்கலைன்னு சொல்லிடலாமேங்கறீங்களா? சொன்னா, மத்ததெல்லாம் மட்டும் நிஜமான்னு கேப்பாங்க. நான் விசாரிச்ச ஆளுங்க ஒருத்தர்கூட இப்போ உசுரோட இல்ல. வயல் மிஞ்சும், என் ஆயுசு முழுக்க எழுதினது போயிடும்.

சரி, உங்க வேலைக்கு வர்றேன். எந்தக் கையை வேணா எடுத்துடுங்க சிற்பியாரே. ஏன் அப்படிப் பாக்கறீங்க? அப்படி ஒரு ஆளே கிடையாது. அந்த வாய்க்கால் தானா ஓடின ஓடை. வாத்தியாரைப் பிடிக்க நான் உண்டு பண்ணின மனுஷன் அவர். மச்சினன் புரையேறச் சிரிச்சது அதுக்குத்தான்.

அவனுக்கு மட்டும் இல்ல. இப்போ உங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து வச்சுட்டுப் போனாளே என் வீட்டுக்காரி, அவளுக்கும் தெரியும். ஒத்தைக்கையர்ங்கிற பேரே அவ சொன்னதுதான். நேத்து அவகிட்டப் போய், உன் தம்பிகிட்ட நீயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னு கேட்டேன். துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. நிமிர்ந்துகூடப் பாக்கல. நீங்க எழுதினது பொய்யா இருக்கலாம், அதுக்காக எங்க கொள்ளுத்தாத்தாவைத் தப்பாப் பேசாதீங்கன்னுட்டா.