சனிக்கிழமை மலையேறியவனுக்குப் புதன்கிழமை வருகை

அவைக்குத் தலைமை தாங்கி, எங்கள் கணிதத் துறையைக் கண்போல் காத்துவரும் குல்பாரா அம்மையார் அவர்களே! கரும்பலகையே கதி, சுண்ணக்கட்டியே சொத்து என்று முப்பத்தோராண்டு கழித்துவிட்டு, இன்று விலகல் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேடையின் கடைசி நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆசான் சாதிபெக் அகாய் அவர்களே! மூன்று பேருந்து மாறி மலையிறங்கி வந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே! பிள்ளைகளைப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியை மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! முதல் வரிசையில் வெள்ளை முக்காட்டோடு அமர்ந்திருக்கும் துர்சுனாய் அம்மா அவர்களே! நுண்கணிதத்தில் தேறிய, தேறாத, தேறுவோமா என்று தெரியாத என் தோழர்களே, தோழியரே! முதலாமாண்டு மாணவர் தலைவி சால்தனாத் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். மேடையேறு, மறைந்த மாணவன் ஜூமார்ட்டைப் பற்றி நான்கு வரி பேசு, இந்தச் சான்றிதழை அவன் தாய் துர்சுனாய் அம்மாவிடம் கொடு, இறங்கு. சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'நுண்கணிதம், இரண்டாம் பருவம். ஒருநாளும் தவறாத வருகை.' பொன்னெழுத்து, பூவேலை, முத்திரை, கையொப்பம் எல்லாம் இருக்கிறது. உண்மை மட்டும் இல்லை.

சலசலப்பு வேண்டாம். பின்வரிசையில் 'மைக்கைத் தள்ளிப் பிடி' என்கிறீர்கள். பிடித்துவிட்டேன், ஐயா. இனி நான் சொல்வது கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்.

இரண்டாம் பருவத்துக் கணக்கு என்றால் என்ன? முதல் பருவம் பிரித்துப் பார்க்கச் சொல்லும். இரண்டாம் பருவம் சேர்த்துப் பார்க்கச் சொல்லும். ஒரு வளைகோட்டைக் கொடுத்து, இதை அச்சைச் சுற்றிச் சுழற்று, வரும் உருவத்தின் கன அளவைச் சொல் என்பார்கள். உருவத்துக்கு உள்ளே ஓர் ஓட்டை இருந்தால் தீர்ந்தது கதை! வெளி ஆரத்தை வர்க்கமாக்கு, உள் ஆரத்தை வர்க்கமாக்கு, பிறகு கழி. எங்கள் ஜூமார்ட்டோ முதலில் கழித்துவிடுவான், பிறகு வர்க்கமாக்குவான். ஒருமுறையல்ல, இருமுறையல்ல, பருவம் முழுவதும் அதே தவறு. மலையில் நூறு ஆட்டில் ஓர் ஆடு குறைந்தால் பார்த்தவுடன் சொல்லும் கண்ணுக்கு, இந்த ஒரு கணக்கு மட்டும் பிடிபடவில்லை.

ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை. பலகைக்கு அழைத்தார் அகாய். போட்டான். அதே தவறு.

"ஏன்டா, கழிச்சிட்டு வர்க்கம் எடுத்தா எப்படிடா வரும்? இது எத்தனாவது தடவை?"

"ஏழாவது, அகாய்."

"அந்த எண்ணிக்கை மட்டும் சரியா வருது!"

எண்பது பேரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். அப்போது அகாய் பலகையில் அந்த உருவத்தை வரைந்தார். மேலே கூம்பு, உள்ளே ஓட்டை. பார்த்துக்கொண்டே நின்றவன் திடீரென்று கத்தினான்.

"அகாய், இது காளான்! எங்க அக்ரூட் காட்டுல இப்ப முளைக்குமே, தேன்கூடு மாதிரி குழிகுழியா, அது! நீளவாக்குல அறுத்தா உள்ள வெத்து. முதல்ல முழுக் காளானையும் அளக்கணும். அப்புறம் உள்ள இருக்கிற வெத்தைத் தனியா அளந்து கழிக்கணும். அவ்வளவுதானா, அகாய்?"

மணி அடித்துவிட்டது. நாற்காலிகள் இழுபட்ட சத்தத்தில் அகாய்க்கு அது பாதிதான் கேட்டது. எனக்கு முழுவதும் கேட்டது. அவன் முகம் அன்று எப்படி இருந்தது என்று எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் இரண்டு மாதம் இருந்தேன். எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம். மூன்று நாள் வராதவன் தேர்வு எழுத முடியாது. ஆகவே தலைவி தலையைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்த்து 'வந்தார்' என்று எழுதுவாள். மார்ச்சில் ஆடுகள் குட்டி போட்டபோது ஜூமார்ட் நான்கு நாள் ஊரில் இருந்தான். நான்கு நாளும் 'வந்தார்' என்றே போட்டேன். அதற்கு நட்பு என்று பெயர் வைத்திருந்தோம். தோழர்களே, தலையைக் குனியாதீர்கள், உங்களுக்கும் போட்டிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கள் அவன் வரவில்லை. 'வந்தார்.' புதன் வரவில்லை. 'வந்தார்.' வெள்ளிக்கிழமை மே தின விடுமுறை. அந்தப் புதனன்றுதான் அகாய் முந்தின வாரத் தேர்வின் மதிப்பெண்ணைப் படித்தார். "ஜூமார்ட், அஞ்சுக்கு ரெண்டு. இவன் காளான் பறிக்கத்தான் லாயக்கு." கூடமே சிரித்தது. அவன் அங்கே இல்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

சனிக்கிழமை, காளான் பறிக்கப் போன இரண்டு பெண்கள் ஒரு பள்ளத்தில் அவன் உடலைக் கண்டார்கள். வியாழன்வாக்கில் உயிர் போயிருக்கும் என்றார் மருத்துவர். பதிவேட்டைப் புரட்டினார்கள். புதனன்று வகுப்பில் இருந்தவன், வியாழனன்று பிணம்! ஊர் கூட்டிக் கழித்துப் பார்த்தது. வாத்தியார் நாலு பேர் முன்னால் கேவலப்படுத்தினார், மானம் தாங்காமல் பையன் மலையிலிருந்து குதித்துவிட்டான் என்று முடிவு கட்டியது. அவனுக்குத் தொழுகை நடத்தலாமா கூடாதா என்று ஜனாஸாவை வைத்துக்கொண்டு பெரியவர்கள் வாதாடினீர்கள். வாதாடினீர்களா, இல்லையா? துர்சுனாய் அம்மா அடுப்படி வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அகாய் அவர்களே, நீங்கள் அன்றிலிருந்து பலகையைத் தொடவில்லை. உங்கள் பேச்சு அவனைக் கொல்லவில்லை, அகாய். அந்தப் பேச்சு அவன் காதில் விழவே இல்லை. அவன் போனது புதனன்று அல்ல, சனிக்கிழமை. உடல் கிடைத்ததற்கு முந்தின சனிக்கிழமை! பேருந்திலிருந்து எனக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினான். என் தொலைபேசியை இந்த மைக்கில் வைக்கிறேன். தயவுசெய்து அமைதி.

"தலைவி! காட்டுக்குப் போறேன். திங்கக்கிழமை லேட்டானா 'வந்தான்'னு போட்டுடு, என்ன? அகாய்க்கு ஒரு காளான் கொண்டாரேன். பெரிசா, அழகா. மேசை மேல வச்சு நடுவுல அறுத்துக் காட்டுவேன். கணக்கு வந்துருச்சு தலைவி, வந்துருச்சு! பஸ்ஸுலயே நாலு போட்டேன், நாலும் சரி. என்னைய முட்டாள்னு சொன்னவன் எல்லாம் வரிசையா நில்லுங்கடா!"

கேட்டீர்களா? சாகப் போகிறவன் குரலா இது? மானம் போனவன் குரலா இது? ஒரு கணக்கு புரிந்ததற்காக ஒரு மலை ஏறியவனின் குரல் இது! இவனுக்கா தொழுகை மறுக்கப் பார்த்தீர்கள்? இவனையா கோழை என்றீர்கள்?

கை தட்டாதீர்கள். வேண்டாம். கை தட்டும் இடம் இதுவல்ல.

கணக்குத் தெரிந்தவர்கள் இதற்குள் போட்டிருப்பீர்கள். சனியன்று போனான். வியாழனன்றுதான் உயிர் போனது. நடுவில் ஐந்து நாள். பள்ளத்தில், பனி உருகி ஓடும் ஓடைக்கரையில், கால் முறிந்து கிடந்திருக்கிறான். அந்தப் பள்ளத்தில் தொலைபேசி சிக்னல் எட்டாது. குரல் கொடுத்துக் கூப்பிட்டிருப்பான். யாரும் தேடவில்லை. ஏன் தேடவில்லை? செவ்வாயன்று எனக்கு ஓர் அழைப்பு வந்தது.

"கண்ணு, ஜூமார்ட் அம்மா பேசுறேன். போனே எடுக்க மாட்டேங்குறான். கிளாசுக்கு வரானா?"

"வரான்மா. இங்கதான் இருக்கான். சார்ஜ் இருக்காது. நான் திட்டிப் பேசச் சொல்றேன்."

"திட்டாதம்மா. பாவம், கணக்குன்னாலே பயந்துக்குவான். சாப்பிட்டானான்னு மட்டும் கேளு."

"இப்பதான் லாக்மன் சாப்பிட்டான்மா. ரெண்டு தட்டு."

இரண்டு தட்டு என்றேன்! கேட்காத விவரத்தைக்கூடச் சேர்த்துச் சொன்னேன். காளான் நிறைய முளைத்திருக்கும், யார் வீட்டிலோ தங்கியிருப்பான், வகுப்புக்கு மட்டம் போட்டது தெரிந்தால் அம்மா வைவாரே என்று, அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னேன். அவன் அப்போது உயிரோடு இருந்தான். நான் 'தெரியலம்மா' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அன்று மாலைக்குள் ஊரே குதிரையேறி அந்தக் காட்டைச் சல்லடை போட்டிருக்கும். சொல்லவில்லை.

அம்மா, மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. மகன் தற்கொலை செய்துகொண்டான் என்ற பழியை உங்களிடமிருந்து எடுக்கிறேன். அதற்குப் பதிலாக நான் உங்களுக்குக் கொடுப்பது இந்த ஐந்து நாளை. எது பாரம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் இரண்டு மாதம் ஊமையாக இருந்தேன். ஆனால் பொய்யான இந்தச் சான்றிதழை உங்கள் கையில் கொடுக்க என்னால் முடியாது.

தலைவர் அவர்களே, இதோ பதிவேடு. உங்கள் முன்னிலையில் திருத்துகிறேன். திங்கள், வரவில்லை. புதன், வரவில்லை. பொய்யாகப் பதிந்தவள் சால்தனாத். என்னை நீக்குவதானால் நீக்குங்கள். அகாய், உங்கள் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

என்ன அம்மா? எழுந்து நிற்கிறீர்கள்... சத்தம் போடாதீர்கள், அம்மா பேசுகிறார்.

"அப்ப எம் புள்ள, திரும்பி வரணும்னுதான் போனானா?"

ஆமாம்மா. திரும்பி வரணும்னுதான் போனான்.

"அதை இன்னொரு தடவ போடு. அவன் பேசுறத."

போடுகிறேன், அம்மா. அவையோரே, பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. இனித் திட்டப்போகிறவர்களுக்கும் நன்றி. வணக்கம். அம்மா கேட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்க வேண்டாம்.