கண்டி பாக்கப் போன ரெண்டு நாள்

மூட்டையை நான் மடியில வச்சுக்கிறேன், நீங்க நல்லா ஒக்காருங்க டாக்டரையா. ரயில்ல மூணாங்கிளாசுல ஒங்களைப் பாப்பேன்னு நெனைக்கவே இல்ல. கம்பளையில எறங்குவீங்களா? சரி சரி. நான் நாவலப்பிட்டி வரைக்கும் போகணும்.

என்னயத் தெரியலையா? அங்கம்மாங்க. ஹுன்னஸ்கிரியாவுக்கு மேல தோட்டத்து ஆஸ்பத்திரியில இருந்தீங்கல்ல, அங்க கூலிங்க குடியிருந்த லயத்துல இருந்த பொன்னையா பொண்டாட்டி. ஆங், இப்ப தெரியுது ஒங்களுக்கு.

இப்ப வேற தோட்டத்துப் பங்களாவுல ஆயா வேலைங்க. தொரை மகளுக்கு மூணு வயசு, அதைப் பாத்துக்கிறேன். கண்டியில மரண விசாரணை இருந்துச்சு, சாட்சி சொல்லிட்டுத் திரும்புறேன். ஓ, பேப்பர்ல பாத்தீங்களா? ஆமா, பேராதனைப் பூந்தோட்டத்துல ஆத்தோட போன தொரை அவருதான். நம்ம தோட்டத்துல சின்னத்தொரையா இருந்தாரே, அவரேதான். கம்பை நீட்டிக் காப்பாத்தப் பாத்த ஆயான்னு போட்டிருந்துச்சா? அது நான்தாங்க.

பழசை நெனைக்காதன்னா எப்படிங்க? ஆறு வருசம் ஆச்சு. எங்க வீட்டுக்காரரு காச்சலோட ஆளெண்ணுற காலைப் பெரட்டுக்குப் பிந்திப் போனாரு. சின்னத்தொரை ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. பூட்ஸ் காலால வயித்துல ஒரு ஒதை. மனுசன் சுருண்டு விழுந்துட்டாரு. விழுந்தவரை இன்னும் ஒதைச்சாரு. நான் கூடையோட வரிசையில நிக்கிறேன். ஓடுனேன், கங்காணி கொண்டையைப் புடிச்சு இழுத்துத் தள்ளிட்டான். வாயில ரத்தம், மூக்குல ரத்தம். கம்பளியில போட்டு நாலு பேரு ஒங்ககிட்டதான் தூக்கிட்டு வந்தாங்க. நீங்க சட்டையைத் தூக்கிப் பாத்தீங்க. பூட்ஸ் ஆணி அச்சு அப்படியே வயித்துல பதிஞ்சு கெடந்துச்சு. சட்டையை எறக்கி மூடிவிட்டீங்க. பொழுது சாயறதுக்குள்ள உசுரு போயிருச்சு. காச்சல்ல வயித்துல வீங்குன காச்சக்கட்டி தானா வெடிச்சுப் போச்சுன்னு எழுதுனீங்க.

இல்லங்க, கொறை சொல்லல. ஒங்களுக்கும் புள்ளகுட்டி இருந்துச்சு.

இதுக்கப்புறம் கேளுங்க. இப்ப எங்க தொரைக்கு அந்தச் சின்னத்தொரை பள்ளிக்கூடத்துச் சேக்காளியாம். சனி ஞாயிறு கண்டியைச் சுத்திப் பாக்க வாறேன்னு எழுதியிருந்தாரு. வாடகைக் கார் புடிச்சாங்க, டிரைவர் பாயிஸ் நானா. பாப்பாவுக்காக என்னையும் ஏத்திக்கிட்டாங்க. ஓட்டல் வாசல்ல அவரைப் பாத்தேன் பாருங்க, பாப்பாவைத் தூக்கி மொகத்தை மறைச்சுக்கிட்டேன். அவருக்கு என்னயத் தெரியல. கொழுந்து பறிக்கிறவ மொகத்தை எந்தத் தொரை பாக்கிறாரு?

சனிக்கெழமை ஏரியைச் சுத்துனோம். அந்தக் காலத்துல ராசா ஏரி வெட்டச் சொன்னப்ப முடியாதுன்னவங்களை அந்தச் சேத்துலயே கழுவுல ஏத்துனதா ஒரு கதை இருக்குன்னு பாயிஸ் நானா இங்கிலீசுல சொன்னாரு, அப்புறம் எனக்குத் தமிழ்ல சொன்னாரு. அந்தத் தொரை ச்சு ச்சுன்னு தலையை ஆட்டுனாரு. எவ்வளவு கொடுமைக்காரப் பயலுகன்னாராம். நான் பாப்பாவுக்கு பிஸ்கோத்து ஊட்டிக்கிட்டு இருந்தேன்.

ராசா சபை கூட்டுன மண்டபத்தைப் பாத்துட்டு, புத்தரு பல்லு வச்சிருக்கிற தலதா மாளிகைக்குப் போனாங்க. உள்ள போக பூட்ஸைக் கழட்டணும்ல? கழட்டி என் கையில குடுத்துட்டாரு. அதைப் புடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன். கனமா இருந்துச்சு. திரும்பி வந்தவரு படியில ஒக்காந்து காலை நீட்டுனாரு. நான்தான் மாட்டி, கயிறு கட்டிவிட்டேன். அன்னைக்குப் பூரா என்னால சோறு திங்க முடியல.

ஞாயித்துக்கெழம பேராதனை. எங்க தொரையும் தொரைசானியும் பூ வளக்கிற கண்ணாடி வீட்டுக்குப் போயிட்டாங்க. பாப்பா தள்ளுவண்டியில தூங்குது. அந்தத் தொரை தொங்குபாலத்தைப் போட்டோ புடிக்கக் கரையில எறங்குனாரு. மேல மழை பேஞ்சு ஆறு செவசெவன்னு வேகமா ஓடுது. ஒரே வழுக்கு. தடால்னு போயிட்டாரு. ஒரு வேரைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு ஆயா, ஆயான்னு கத்துறாரு. தோட்டக்காரன் எல எறக்கிற நீளமான மூங்கில் கம்பு ஒண்ணு கெடந்துச்சு. எடுத்து நீட்டுனேன். சத்தியமாச் சொல்றேன், காப்பாத்தத்தான் நீட்டுனேன். கண்ணு முன்னால ஒரு உசுரு போகுதுன்னா கை தன்னால நீளுதுங்க. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு. காலை ஊனி இழுத்தேன், இழுத்தேன்...

இந்தா, ரயிலு அந்த ஆத்துப் பாலத்து மேலதான் போகுது, பாருங்க.

விசாரணையிலயும் இதைத்தான் சொன்னேன். ஈரக்கம்பு, கை வழுக்கிருச்சுன்னு. ஒன்னால ஆனதைச் செஞ்சம்மான்னாரு நடுவரு. தொரைசானி என்னயக் கட்டிப் புடிச்சு அழுதாங்க. பொணத்தை ரெண்டு மைலு தள்ளி எடுத்திருக்காங்க. வலது கை வெரலு நாலும் ஒடஞ்சிருந்துச்சாம், ஆத்துக் கல்லுல மோதியிருக்கும்னு அங்க ஒரு வெள்ளைக்கார டாக்டரு எழுதிட்டாரு.

கல்லு இல்லைங்க.

கரைக்கு ஒரு மொழம்தான் இருந்துச்சு. அப்ப கேட்டேன், தொரை, பொன்னையாவை ஞாபகம் இருக்கான்னு. தமிழ் நல்லாத் தெரியும்ல அவருக்கு. யாருன்னு கேட்டாரு டாக்டரையா. அந்த நெலமையிலயும் யோசிச்சுப் பாத்து, நெசமாவே தெரியாம, யாருன்னு கேட்டாரு. கம்பை உருவிட்டேன். வலது கையால மறுபடி வேரைப் புடிச்சாரு. அந்த வெரலு மேலயே கம்பால அடிச்சேன். எலும்பு நொறுங்குற சத்தம் ஆத்து எரைச்சல்லயும் கேட்டுச்சு. விடல. இன்னும் அடிச்சேன். விட்டுட்டாரு. பாப்பா முழிக்கவே இல்ல.

ஏங்க எந்திரிச்சிட்டீங்க? கம்பளை இன்னும் வரலையே.