நம்பற மாதிரி ஒரு தந்தி

வேணாங்க சார், அந்த நாலு வார்த்தை மட்டும் வேணாம். மதர் சீரியஸ் ஸ்டார்ட்... ஆமா, அதேதான். எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனா அது மட்டும் மனப்பாடம். அதை அடிச்சா எம்மகன் வரமாட்டான். வேற எதாச்சும் நம்பற மாதிரி எழுதுங்க.

பின்னாடி ஆளு நிக்குதா? நிக்கட்டும். ரெண்டு நிமிசம் சார், நான் சொன்னாத்தான் ஒங்களுக்கு எழுத வரும். நேத்து இந்த சீட்டுல ஒரு நெட்டை ஆளு இருந்தாரு. என்னா ஏதுன்னு கேக்காம அதையே எழுதிப்புட்டாரு.

எம்பேரு பெரியகருப்பன். திருக்கோகர்ணத்துக்கு அங்கிட்டு மூணு மைலு, கடலைக் கொல்லை இருக்கு. ஒத்தப் பிள்ளை, ஆண்டியப்பன். நாப்பத்தெட்டுல சமஸ்தானம் போனுச்சுல்ல, அப்ப அஞ்சாங்கிளாசு. இப்ப மெட்ராசுல இஞ்சினீரு படிக்கிறான், கடைசி வருசம். எங்க பக்கத்துல அந்த எடம் கெடச்ச மொத ஆளு அவன்தான். படிப்போட நின்னிருந்தா நானும் நிம்மதியா இருந்திருப்பேன். பந்து! காலேஜி டீமு, அப்பறம் யுனிவர்சிட்டி டீமு. விடிய அஞ்சு மணிக்கு கிரவுண்டு, பகலெல்லாம் பட்டறையும் கணக்கும், சாயங்காலம் திரும்ப கிரவுண்டு, வெளக்கு வச்சப்பறம் பலகையில படம் வரையிறது. எந்த ஒடம்பு தாங்கும்? ரெண்டுல ஒண்ணை விடுறான்னு எழுதினேன். ரெண்டு காலையும் வச்சுத்தானய்யா நடக்கிறோம்னு பதில் போட்டான். திமிரைப் பாருங்க.

போன வருசம், பரீச்சைக்கு ஒரு மாசம் இருக்கு, கல்கத்தாவுல பெரிய பந்தயம்னான். போக வர பதினஞ்சு நாளு. நேரா இங்கதான் வந்தேன். எங்க ஊருல எல்லாரும் அடிக்கிற தந்திதான் சார். படிக்கப் போன பயலைப் பொண்ணு பாக்கக் கூப்புடணும்னாகூட அதைத்தான் அடிப்பாக. அடிச்சேன்.

ஓடி வந்தான். பஸ்ஸை விட்டு எறங்கி வரப்புல விழுந்தடிச்சு வாரான், அவன் ஆத்தா செவந்தி கொல்லையில குனிஞ்சு களையெடுத்துக்கிட்டு இருக்கா. அவளுக்கு நான் தந்தி அடிச்சதே தெரியாது. ஏண்டா தம்பி இப்பிடி எளச்சுட்டேங்கிறா. இவன் அவ கையைப் புடிச்சுப் பாத்தான், நெத்தியைத் தொட்டுப் பாத்தான். அப்பறம் அந்த மண்ணுலயே ஒக்காந்து அழுதான் சார், இருவது வயசுப் பய. டீமு அன்னைக்கே ரயிலேறிருச்சு. ஆத்தா ஊத்துன கஞ்சியைக் குடிச்சுட்டு, என்னைய ஏறெடுத்தும் பாக்காம சாயங்காலப் பஸ்ஸுல போயிட்டான்.

அன்னைக்கு அவ கேட்டா. நான் உசுரோட இருக்கயில சாகக் கெடக்குறேன்னு எழுதிப்புட்டீகளே, நல்லா இருப்பீகளான்னு.

பரீச்சையா? பஸ்ட் கிளாசு. கல்கத்தா போயிருந்தாலும் இதே மார்க்கு வாங்கியிருப்பேன்னு ஆத்தாளுக்கு லெட்டரு. எம்பேரு அதுல இல்லை. அதுக்கப்பறம் எந்த லெட்டருலயும் இல்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படிச்சுக் காட்டணும்.

இப்ப அஞ்சு நாளா அவளுக்குக் காச்சல். டாக்டரு கையை விரிச்சுட்டாரு. நேத்து வந்தேன். எம்பேரைப் போட்டா நம்பமாட்டான்னு எம்மச்சினன் சேவுகன் பேரைப் போடச் சொன்னேன். தாய்மாமன், அவனுக்கு மொதப் பந்து வாங்கிக் குடுத்ததே சேவுகன்தான். இன்னைக்குக் காலையில பதில் வந்துச்சு. இந்தாங்க. ஊர்ல வாத்தியாரு படிச்சுச் சொல்லிட்டாரு, நீங்களும் ஒருக்கா படிங்க. ஆமா, மாமா நீங்களுமான்னுதான் இருக்கு. பைனல் மேட்ச் முடிச்சுட்டு வாரேன். களையெடுத்து முடிச்சாச்சான்னு ஆத்தாகிட்டக் கேளுங்க.

அதைக் கொண்டாந்து குடுத்தப்ப அவ தலைமாட்டுல வெளக்கு ஏத்தியாச்சு சார்.

விடியக்காலம். வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. தம்பி வந்துருவான்லன்னா. வந்துக்கிட்டே இருக்கான்னேன். அதும் பொய்யாப் போச்சு.

மதர் எக்ஸ்பயர்டா? அதுக்குத்தான சார் இம்புட்டும் சொல்றேன். போன வருசம் படுக்கையில போட்டாக, இந்த வருசம் கொன்னே போட்டாகம்பான். வரமாட்டான். ஒத்தப் பிள்ளை, கொள்ளி வைக்க வேற யாரு இருக்கா? நாளைக்கு உச்சி வரைக்கும்தான் வச்சிருக்க முடியும். இன்னைக்கு ரயிலேறுனாத்தான் அவ மொகத்தைப் பாப்பான்.

அதனால எம்பேரைப் போடுங்க. அனுப்புனவன் பேரு இல்லை சார், அதுக்கு வாத்தியாரு பேரைப் போடுங்க, சம்மதிச்சுட்டாரு. செத்தவன் நானா இருக்கட்டும். எஞ்சாவை வச்சு இது வரைக்கும் யாரும் அவன்கிட்டப் பொய் சொன்னதில்லை. கோவக்காரன்தான், ஆனா அப்பனுக்குக் கொள்ளி வைக்க வராம இருக்கமாட்டான்.

தெரியத்தான் செய்யும். வாசல்ல நான்தான நிப்பேன். செருப்பைக் கழட்டி அடிக்கட்டும், நிக்கிறேன்.

எழுதுங்க சார். பாதர்னு ஆரம்பிங்க.